டெலவேர் தாய் நிறுவனத்தை இந்தியாவுக்குக் கொண்டுவருவது எப்படி: முழுமையான வழிகாட்டி

சென்னையிலோ கோவையிலோ அலுவலகம், ஊழியர்கள் எல்லாரும் இங்கே, ஆனால் தாய் நிறுவனம் மட்டும் அமெரிக்காவின் டெலவேரில். இப்படி இருப்பவர்களுக்காக எழுதுகிறேன். தாய் நிறுவனத்தை இந்தியத் துணை நிறுவனத்தோடு இணைத்து, முதலீட்டாளர்கள் நேரடியாக இந்தியக் கம்பெனியின் பங்குதாரர்களாக ஆவதுதான் இலக்கு. 'ரிவர்ஸ் ஃபிளிப்' என்று சொல்வது இதைத்தான்.

முன்பு இதற்குத் தேசிய கம்பெனி சட்டத் தீர்ப்பாயத்துக்குப் போய்த்தான் ஆக வேண்டும். 2024 செப்டம்பர் 17 முதல் கம்பெனி இணைப்பு விதிகளில் 25ஏ(5) என்ற உட்பிரிவு சேர்ந்திருக்கிறது. வெளிநாட்டுத் தாய் நிறுவனம் தன் 100 சதவீத இந்தியத் துணை நிறுவனத்தோடு இணைவதாக இருந்தால், தீர்ப்பாயம் வேண்டாம். கம்பெனிகள் சட்டம் 233ஆம் பிரிவின் விரைவு வழியில், மத்திய கம்பெனி விவகார அமைச்சகத்தின் மண்டல இயக்குநரிடமே முடித்துக்கொள்ளலாம்.

ஆனால் சட்டம் சுருக்கியது கடைசிச் சுற்றை மட்டும்தான். அதற்கு முந்தைய வேலை அப்படியேதான் இருக்கிறது. தடுமாறியவர்கள் பெரும்பாலும் படிவத்தில் தடுமாறவில்லை, வரிசையில் தடுமாறினார்கள். எட்டாவது படியை மூன்றாவதாகச் செய்துவிட்டு, திரும்பிப் போய் எல்லாவற்றையும் அவிழ்த்தார்கள். அதனால் கீழே உள்ள வரிசையை மாற்றாமல் போங்கள்.

1. இது முகவரி மாற்றம் அல்ல, இணைப்பு

சிங்கப்பூரில் 2017 அக்டோபர் முதலும், ஹாங்காங்கில் 2025 மே முதலும் ஒரு வெளிநாட்டுக் கம்பெனி தன் பதிவையே அங்கே மாற்றிக்கொள்ள முடியும். கம்பெனி அதேதான், ஒப்பந்தங்கள் அவைதான், பதிவேடு மட்டும் மாறும்.

இந்தியாவில் அந்த வசதி இல்லை. இங்கே டெலவேர் கம்பெனி மறைந்து, அதன் சொத்தும் கடனும் இந்தியக் கம்பெனிக்கு வந்து சேர்கின்றன. ஒரு கம்பெனி மறைகிறது என்றால் அதன் ஒப்பந்தம், வங்கிக் கணக்கு, வரிக் கணக்கு, ஊழியர்கள் என்று ஒவ்வொன்றும் எங்கே போகிறது என்று தனித்தனியாகப் பதில் சொல்ல வேண்டும். இதை முதல் நாளே மனதில் பதித்துக்கொண்டால் பின்னால் வரும் படிகள் எல்லாம் புரியும்.

2. வரிக் கணக்கை முதலில் போடுங்கள்

எல்லாரும் கடைசிக்குத் தள்ளுவது இது. நான் முதலில் வைப்பதற்குக் காரணம், இங்கே வரும் எண்தான் இந்த வேலையைத் தொடர்வதா விடுவதா என்று முடிவுசெய்கிறது.

இந்தியப் பக்கத்தில் நிலைமை சாதகம். இணைப்பில் மிஞ்சுவது இந்தியக் கம்பெனியாக இருந்தால், சொத்து கைமாறுவதற்கு மூலதன ஆதாய வரி இல்லை. பழைய பங்கைக் கொடுத்துப் புதுப் பங்கு வாங்கும் பங்குதாரருக்கும் இல்லை. நிபந்தனைகள் உண்டு: எல்லாச் சொத்தும் எல்லாக் கடனும் வந்து சேர வேண்டும், மதிப்பில் நான்கில் மூன்று பங்குக்குக் குறையாமல் வைத்திருக்கும் பங்குதாரர்கள் இந்தியக் கம்பெனியின் பங்குதாரர்களாக ஆக வேண்டும், கைம்மாறு பங்காக மட்டுமே இருக்க வேண்டும். ஒரு முதலீட்டாளருக்கு ரொக்கம் கொடுத்து அனுப்ப நினைத்தால், அதை இணைப்புத் திட்டத்துக்குள் கலக்காமல் முன்கூட்டியே தனியாக முடியுங்கள்.

இந்தியக் கம்பெனியின் பழைய நட்டம் வேறு கதை. வாக்குரிமையில் 49 சதவீதத்துக்கு மேல் கைமாறினால் நட்டத்தை அடுத்த ஆண்டுகளுக்கு எடுத்துச்செல்ல முடியாது. இதுவரை பங்குதாரர் டெலவேர் கம்பெனி. இனி பங்குதாரர்கள் வேறு பேர். ஆகவே நட்டம் போய்விடும் என்று வைத்தே கணக்குப் போடுங்கள். உள்வாங்கப்படாத தேய்மானத்துக்கு, அதாவது வருமானத்தில் இன்னும் கழிக்க முடியாமல் மிஞ்சிய தேய்மானத்துக்கு, இந்தத் தடை கிடையாது என்பதால் அதைத் தனியாகக் காட்டச் சொல்லுங்கள். 2025ஆம் ஆண்டின் வருமான வரிச் சட்டம் நடைமுறைக்கு வருவது 2026 ஏப்ரல் 1 முதல். உங்கள் ஆலோசகரின் பழைய குறிப்பில் இருப்பது 1961 சட்டத்தின் பிரிவு எண்களா என்று பாருங்கள்.

பெரிய செலவு அமெரிக்கப் பக்கத்தில். சொத்து அமெரிக்க வரி வளையத்தை விட்டு வெளியே போவதால், அதைச் சந்தை மதிப்புக்கு விற்றதாகவே வைத்து டெலவேர் கம்பெனியிடம் வரி கேட்பார்கள். அமெரிக்க மத்திய அரசின் கம்பெனி வரி 21 சதவீதம். தோராயமாகப் பார்க்க ஒரு கணக்கு: வரி ஏட்டில் 20 லட்சம் டாலர் அடக்கவிலையுள்ள சொத்துக்கு இன்றைய மதிப்பு 1 கோடியே 20 லட்சம் டாலர் என்றால், ஆதாயம் 1 கோடி டாலர், வரி 21 லட்சம் டாலர். பழைய நட்டம் இருந்தால் கழிக்கலாம், ஆனால் 2017க்குப் பின் வந்த நட்டத்தை வரிக்குரிய வருமானத்தில் 80 சதவீதம் வரைதான் கழிக்க முடியும்.

பங்கு முதலீட்டுச் செயலி நிறுவனமான குரோ டெலவேரிலிருந்து வந்தபோது கட்டிய வரி ஏறக்குறைய 1,340 கோடி ரூபாய். உங்கள் எண் சிறியதாக இருக்கலாம், ஆனால் அதைக் கட்டப் போவது நிறுவனத்தின் கையிருப்புதான். அடுத்த முதலீட்டுச் சுற்று முடிந்து மதிப்பு ஏறிய பிறகு மாறலாம் என்று காத்திருப்பவர்கள், அந்த ஏறிய மதிப்புக்கே வரி கட்டுகிறார்கள். மாறுவது உறுதி என்றால் சுற்றுக்கு முன் மாறுவதே நல்லது. அமெரிக்க முதலீட்டாளர்களில் சிறு நிறுவனப் பங்குக்கான வரிச் சலுகையை நம்பியிருப்பவர்கள் உண்டா என்றும் இப்போதே கேளுங்கள். ஒப்புதல் கேட்கும் நாளில் அவர்களுக்கு இது புதுச் செய்தியாக இருக்கக் கூடாது.

3. நூறு சதவீதம் உண்மையிலேயே நூறுதானா?

25ஏ(5) வழி 100 சதவீதத் துணை நிறுவனத்துக்கு மட்டும். ஒரு பங்கு குறைந்தாலும் தீர்ப்பாய வழிதான்.

இந்தியப் பிரைவேட் கம்பெனிக்குக் குறைந்தது இரண்டு உறுப்பினர்கள் வேண்டும். அதனால் 9,999 பங்கு டெலவேர் கம்பெனி பெயரிலும், ஒரு பங்கு யாரோ ஒருவர் பெயரிலும் இருக்கும். அந்த ஒருவர் தாய் நிறுவனத்துக்காகப் பெயரளவில் வைத்திருப்பவர் என்று எழுத்தில் பதிவாகியிருந்தால்தான் 100 சதவீதம் என்று சொல்ல முடியும். அவர் தர வேண்டியது எம்ஜிடி-4 என்ற படிவம், உண்மையான உரிமையாளர் தர வேண்டியது எம்ஜிடி-5, அவற்றைப் பெற்ற கம்பெனி 30 நாளுக்குள் கம்பெனிப் பதிவாளரிடம் போட வேண்டியது எம்ஜிடி-6.

ஒரு கோப்பைத் திறந்தபோது பார்த்தது இது. பங்குச் சான்றிதழ் எண் 2, பங்கு ஒன்று, முகமதிப்பு பத்து ரூபாய், நிறுவனரின் அப்பா பெயரில். பக்கத்தில் எம்ஜிடி-4 இருந்தது, எம்ஜிடி-5 இருந்தது, இரண்டிலும் கையெழுத்தும் இருந்தது. எம்ஜிடி-6 மட்டும் தாக்கலாகவே இல்லை. ஐந்து ஆண்டுகளாக ஆண்டறிக்கையில் அந்தப் பெரியவர் சொந்த உரிமையில் ஒரு பங்கு வைத்திருப்பவராகவே காட்டப்பட்டிருக்கிறார். திட்ட வரைவு, மதிப்பீட்டு அறிக்கை எல்லாம் தயாரான பிறகு இது தெரிந்தது. தாமதக் கட்டணத்தோடு எம்ஜிடி-6 போட்டு, சட்டக் கருத்து வாங்கி, பதிவேட்டைத் திருத்தி முடிக்கும்வரை மற்ற எல்லாம் நின்றது. இதை முதல் வாரத்திலேயே பார்த்திருந்தால் மற்ற வேலைகளோடு சேர்த்தே சரிசெய்திருக்கலாம்.

அதே பதிவேட்டில் இன்னொன்றையும் பாருங்கள்: இந்தியக் கம்பெனி நேரடியாக ஊழியர்களுக்குப் பங்கு கொடுத்திருக்கிறதா? ஓர் ஊழியர் விருப்ப உரிமையை (குறித்த விலையில் பங்கு வாங்கும் உரிமை) பயன்படுத்திப் பத்துப் பங்கு வாங்கியிருந்தாலும் 100 சதவீதம் போச்சு.

4. நிறுவனர்களின் பழைய ஃபெமா (அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டம்) கணக்கைத் தீர்த்துவிடுங்கள்

இந்தியாவில் குடியிருக்கும் நிறுவனர் டெலவேர் கம்பெனியில் பங்கு வைத்திருந்தால், அது வெளிநாட்டு முதலீடு. ஒரு பங்கு 0.0001 டாலர் என்று கொடுத்து வாங்கினாலும் வெளிநாட்டு முதலீடுதான். வங்கி வழியாக எஃப்சி படிவம் (வெளிநாட்டு முதலீட்டைத் தெரிவிப்பது) போட்டு, தனி அடையாள எண் வாங்கி, டிசம்பர் 31க்குள் ஆண்டுதோறும் செயல்பாட்டு அறிக்கை தர வேண்டும். இணையத்தில் அரை மணி நேரத்தில் டெலவேர் கம்பெனி தொடங்கியவர்களில் பலர் இதில் எதையுமே செய்திருக்க மாட்டார்கள்.

அதைவிடக் கடினமானது 2022 ஆகஸ்டில் வந்த வெளிநாட்டு முதலீட்டு விதிகளில் உள்ள ஒரு தடை: இங்கே குடியிருக்கும் தனிநபர் தன் கட்டுப்பாட்டில் வைத்திருக்கும் வெளிநாட்டுக் கம்பெனிக்குத் துணை நிறுவனம் இருக்கக் கூடாது. உங்கள் அமைப்பே அதுதான் என்றால், வெறும் தாமதக் கட்டணத்தில் தீராது. ரிசர்வ் வங்கியிடம் காம்பவுண்டிங் விண்ணப்பம் (தவறை ஒப்புக்கொண்டு, தொகை கட்டித் தீர்ப்பது) போக வேண்டும். அதை முடிக்க விதிப்படி 180 நாள் அவகாசம் உண்டு.

இந்தப் படியை நான்காவதாக வைத்ததற்குக் காரணம் அந்த 180 நாள்தான். அதோடு, ஒன்பதாவது படியில் அந்நியச் செலாவணி விதிகளைப் பின்பற்றியிருக்கிறோம் என்று இயக்குநர் கையெழுத்துப் போட வேண்டும். பழைய தவறு தீராமல் அந்தக் கையெழுத்தைப் போடாதீர்கள். கம்பெனியைவிட அந்த மனிதருக்குத்தான் அது ஆபத்து.

இந்தியக் கம்பெனி டெலவேரிலிருந்து பணம் வாங்கிய ஒவ்வொரு முறைக்கும் எஃப்சி-ஜிபிஆர் (வெளிநாட்டவருக்குப் பங்கு கொடுத்ததைத் தெரிவிக்கும் படிவம்) ஒப்புகை இருக்கிறதா, ஆண்டுதோறும் ஜூலை 15க்குள் எஃப்எல்ஏ கணக்கு (வெளிநாட்டுக் கடன், சொத்து பற்றிய ஆண்டுக் கணக்கு) போயிருக்கிறதா என்று இதே மூச்சில் சரிபாருங்கள்.

5. டெலவேர் பங்குப் பட்டியலை இந்திய வடிவத்துக்கு மாற்றுங்கள்

டெலவேரில் இருக்கும் எல்லா முதலீட்டுக் கருவிக்கும் இங்கே இணை கிடையாது. 'சேஃப்' ஒப்பந்தங்கள் (இப்போது பணம், பின்னால் பங்கு என்ற ஒப்பந்தம்) அதில் முதல். அவை பங்கும் அல்ல, கடனும் அல்ல. இந்தியக் கம்பெனி வெளிநாட்டவருக்கு அப்படி ஒன்றை அப்படியே தர முடியாது. இணைப்புக்கு முன்பே டெலவேரில் அவற்றைப் பங்காக மாற்றிவிடுங்கள். திட்டத்தில் 'சேஃப் வைத்திருப்பவர்களுக்கும் பங்கு வழங்கப்படும்' என்று ஒரு வரி எழுதிச் சமாளிக்கப் பார்ப்பவர்கள், மதிப்பீட்டாளர் பங்கு மாற்று விகிதம் (பழைய பங்குக்கு எத்தனை புதுப் பங்கு என்பது) போட உட்காரும்போது மாட்டிக்கொள்கிறார்கள். எத்தனை பங்கு என்றே தெரியாமல் விகிதம் எப்படிப் போடுவது?

முன்னுரிமைப் பங்குகளை இங்கே கட்டாயமாகச் சாதாரணப் பங்காக மாறும் முன்னுரிமைப் பங்குகளாகத்தான் தர வேண்டும். மாறுவது முதலீட்டாளர் விருப்பம் என்று எழுதினால் ஃபெமா அதைக் கடனாகப் பார்க்கும். மாற வேண்டிய உச்ச காலம் 20 ஆண்டு. கலைப்பின்போது முதலில் பணம் பெறும் உரிமை போன்றவற்றை கம்பெனியின் சங்க நடைமுறை விதிகளில் (ஆர்ட்டிக்கிள்ஸ்) எழுதலாம், அதற்குத் தடை இல்லை.

அப்புறம் தலை எண்ணிக்கை. பிரைவேட் கம்பெனிக்கு உச்சம் 200 உறுப்பினர். ஊழியர் பங்குதாரர்கள் அதில் சேரமாட்டார்கள். சிறு முதலீட்டாளர்கள் நிறைய இருந்தால் அவர்களை ஒரே அமைப்புக்குள் சேர்ப்பதை இப்போதே முடியுங்கள்.

பட்டியலில் உள்ள நிதியங்களின் உண்மையான உரிமையாளர்கள் யார் என்றும் கேட்டு எழுத்தில் வாங்குங்கள். இந்தியாவோடு நில எல்லை பகிரும் நாடுகளைச் சேர்ந்த முதலீட்டுக்கு 2020 ஏப்ரல் முதல் அரசு அனுமதி தொடர்பான தனி விதிகள் உண்டு. டெலவேர் கம்பெனி வழியாக வந்தபோது யாரும் கேட்காத கேள்வி, அவர்கள் நேரடிப் பங்குதாரர் ஆகும்போது வரும்.

ஊழியர் விருப்ப உரிமைகளில் ஒரு நல்ல செய்தி. இங்கே கொடுத்த நாளிலிருந்து குறைந்தது ஓராண்டு கழித்தே உரிமை முதிர வேண்டும். ஆனால் இணையும் கம்பெனியின் உரிமைக்கு ஈடாகக் கொடுப்பதாக இருந்தால், அங்கே வைத்திருந்த காலத்தையும் சேர்த்துக்கொள்ள விதி இடம் தருகிறது. இதைத் திட்டத்திலேயே எழுதுங்கள். நான்கு ஆண்டு உழைத்த ஊழியரின் கடிகாரம் பூஜ்யத்திலிருந்து ஓடக் கூடாது.

6. அமெரிக்க வியாபாரத்தைத் தனியே பிரித்து வையுங்கள்

இணைப்பு நடந்த நொடியில் டெலவேர் கம்பெனியின் அமெரிக்க அலுவலகம் இந்தியக் கம்பெனியின் வெளிநாட்டுக் கிளையாகக் கருதப்படும். சம்பளப் பட்டியல், காப்பீடு, வாடிக்கையாளர் ஒப்பந்தம், கார்டு வசூல் கணக்கு எல்லாம் ஒரே நாளில் இந்தியக் கம்பெனி பெயரில் ஓட வேண்டும். நடைமுறையில் ஓடாது.

அதனால் இணைப்புக்கு முன்பே டெலவேர் தாய் நிறுவனத்துக்குக் கீழே அமெரிக்காவில் ஒரு புதுத் துணை நிறுவனம் தொடங்கி, ஊழியர்களையும் ஒப்பந்தங்களையும் அதற்கு மாற்றிவிடுங்கள். தாய் இந்தியக் கம்பெனியோடு இணையும்போது இந்தத் துணை நிறுவனத்தின் பங்குகளும் கூடவே வந்து, அது இந்தியக் கம்பெனியின் வெளிநாட்டுத் துணை நிறுவனமாக ஆகிவிடும்; அதற்குரிய வெளிநாட்டு முதலீட்டுப் பதிவை வங்கி வழியாகச் செய்ய வேண்டும்.

ஒவ்வொரு வாடிக்கையாளர் ஒப்பந்தத்திலும் உரிமை மாற்றம், கட்டுப்பாடு மாற்றம் பற்றிய பத்தியைப் படியுங்கள். பெரிய வாடிக்கையாளரின் சட்டத் துறை ஒரு சம்மதக் கடிதத்துக்கு இரண்டு மாதம் எடுக்கும்.

7. பான், டீமேட்: இன்றே தொடங்க வேண்டிய வேலை

வரிசையில் ஏழாவதாக எழுதினாலும், மூன்றாவது படியோடு சேர்த்தே இதைத் தொடங்குங்கள்.

துணை நிறுவனமாக இருக்கும் கம்பெனி, கம்பெனிகள் சட்டத்தின் 'சிறு கம்பெனி' வரையறைக்குள் வராது. ஆகவே புதுப் பங்குகளை டீமேட் வடிவில்தான் வழங்க வேண்டும். அப்படியானால் ஒவ்வொரு அமெரிக்க முதலீட்டாளருக்கும் இந்தியாவில் டீமேட் கணக்கு வேண்டும், கணக்குக்குப் பான் வேண்டும், பானுக்கு அடையாளச் சான்றும் முகவரிச் சான்றும் அப்போஸ்டில் முத்திரையோடு (வெளிநாட்டில் செல்லும்படி அரசு தரும் சான்று) வேண்டும். கம்பெனியின் ஏற்கெனவே உள்ள பங்குகளும் டீமேட்டில் இருக்க வேண்டும்.

அப்போஸ்டிலில் ஒரே தவறைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். கலிஃபோர்னியாவில் இருக்கும் முதலீட்டாளர் அங்கேயே நோட்டரி முன் கையெழுத்துப் போடுகிறார். கம்பெனி டெலவேர் என்பதால் தாளை டெலவேருக்கு அனுப்புகிறார்கள். அது திரும்பி வந்துவிடும். நோட்டரி எந்த மாநிலத்தவரோ அந்த மாநிலச் செயலர் அலுவலகம்தான் அப்போஸ்டில் தர முடியும். டெலவேர் அலுவலகம் தருவது டெலவேர் அரசு வழங்கிய ஆவணத்துக்கும் டெலவேர் நோட்டரிக்கும் மட்டும். இந்த ஒரு வரியை முதலீட்டாளர்களுக்கு அனுப்பும் முதல் மின்னஞ்சலிலேயே போட்டுவிடுங்கள்.

8. மதிப்பீடும் திட்ட வரைவும்

பங்கு மாற்று விகிதத்துக்கு மதிப்பீட்டு அறிக்கை வேண்டும். வெளிநாட்டவருக்குப் பங்கு போவதால் ஃபெமாவின் விலை விதியும் பொருந்தும். இரண்டு அறிக்கைக்கும் ஒரே தேதியை வைத்துக்கொள்ளுங்கள். அமெரிக்க வரிக்கான மதிப்பீடும் இதற்கு ஒத்துப்போக வேண்டும். இங்கே ஒரு மதிப்பு, அங்கே ஒரு மதிப்பு என்று இருந்தால் இரண்டு நாட்டு அதிகாரிகளிடமும் விளக்கம் சொல்ல நேரும்.

தாய் நிறுவனம் துணை நிறுவனத்தில் வைத்திருக்கும் பங்குகள் இணைப்பில் ரத்தாகும். புதுப் பங்குகள் தாயின் பங்குதாரர்களுக்குப் போகும். இதைத் திட்டத்தில் தெளிவாக எழுதுங்கள், ஏனெனில் ஒரு கம்பெனி தன் பங்கைத் தானே வைத்திருக்க முடியாது.

அனுமதிக்கப்பட்ட மூலதனத்தில் (கம்பெனி வெளியிடக்கூடிய பங்கு மூலதனத்தின் உச்சவரம்பு) பலர் சறுக்குகிறார்கள். இரண்டு இந்தியக் கம்பெனிகள் இணைந்தால், மறையும் கம்பெனி அதற்காக ஏற்கெனவே கட்டிய கட்டணத்தைக் கழித்துக்கொள்ளலாம். பழைய மாதிரி வரைவை எடுத்து அந்தப் பத்தியை அப்படியே ஒட்டிவிடுகிறார்கள். டெலவேர் கம்பெனி இங்கே எந்தக் கட்டணமும் கட்டவில்லையே, எதைக் கழிப்பது? எஸ்ஹெச்-7 படிவம் போட்டு மூலதனத்தை முன்கூட்டியே உயர்த்துங்கள். அந்தச் செலவையும் பட்ஜெட்டில் சேருங்கள்.

கம்பெனியின் சங்க அமைப்பு விதியில் (மெமோராண்டம்) இணைப்புக்கு அதிகாரம் தரும் வரி இருக்கிறதா என்றும் ஒருமுறை பாருங்கள்.

9. ரிசர்வ் வங்கியின் ஒப்புதல்

இரண்டு கம்பெனிகளும் ரிசர்வ் வங்கியின் முன் ஒப்புதலைப் பெற வேண்டும் என்கிறது 25ஏ(5). 2018ஆம் ஆண்டின் எல்லை கடந்த இணைப்பு ஒழுங்குமுறைகளின் 9ஆவது ஒழுங்குமுறையோ, அந்த ஒழுங்குமுறைகளைப் பின்பற்றிச் செய்யும் இணைப்புக்கு ஒப்புதல் கிடைத்ததாகவே கருதப்படும் என்கிறது. அதற்கு மேலாண்மை இயக்குநரோ முழுநேர இயக்குநரோ, கம்பெனிச் செயலர் இருந்தால் அவரும், பின்பற்றியதாகச் சான்று தர வேண்டும்.

சான்றை ஒரு வரியில் முடிக்காதீர்கள். ஒவ்வொரு ஒழுங்குமுறைக்கும் நேரே உங்கள் நிலை என்ன என்று அட்டவணையாக இணையுங்கள். தாய் நிறுவனத்துக்கு வெளிநாட்டுக் கடன் இருந்தால், அது இரண்டு ஆண்டுக்குள் இந்திய வெளிநாட்டுக் கடன் விதிகளுக்குள் வர வேண்டும். இந்தியக் கம்பெனி வைத்திருக்க அனுமதியில்லாத வெளிநாட்டுச் சொத்து இருந்தால், இரண்டு ஆண்டுக்குள் விற்றுப் பணத்தை இங்கே கொண்டுவர வேண்டும். உங்கள் வங்கியின் அந்நியச் செலாவணிப் பிரிவுக்கு இந்த வரைவை முன்கூட்டியே காட்டுங்கள். பின்னால் ஒவ்வொரு படிவமும் அவர்கள் மேசை வழியாகத்தான் போகப் போகிறது.

10. 233ஆம் பிரிவின் ஓட்டம்

இனி நாள் கணக்கு. இரண்டு கம்பெனிகளின் இயக்குநர் குழுவும் திட்டத்தை ஏற்றபின், சிஏஏ-9 அறிவிப்பைப் பதிவாளருக்கும் அதிகாரபூர்வக் கலைப்பாளருக்கும் அனுப்புங்கள். ஆட்சேபம் சொல்ல அவர்களுக்கு 30 நாள். 2025 செப்டம்பர் திருத்தத்துக்குப் பிறகு, ரிசர்வ் வங்கி போன்ற துறை ஒழுங்குமுறை அமைப்புகள் உங்கள் தொழிலுக்குப் பொருந்தினால் அவற்றுக்கும் அனுப்ப வேண்டும்.

கூட்டத்துக்கு முன் சிஏஏ-10, அதாவது கடனைத் தீர்க்கும் வலிமை இருக்கிறது என்ற உறுதிமொழி. இதில் காட்டும் சொத்து, கடன் கணக்கு புதியதாக இருக்கட்டும். ஆறு மாதப் பழைய கணக்கோடு போனால் கேள்வி வரும்.

உறுப்பினர் ஒப்புதல் மொத்தப் பங்கில் 90 சதவீதம். 100 சதவீதத் துணை நிறுவனம் என்பதால் இது சுலபம். சிரமம் கடன் கொடுத்தவர்களிடம். மதிப்பில் பத்தில் ஒன்பது பங்கு சம்மதம் வேண்டும், 21 நாள் அறிவிப்போடு கூட்டம் கூட்டியோ எழுத்திலோ. வங்கிக் கடன் மொத்தத்தில் 15 சதவீதம் இருந்து, வங்கி பதில் சொல்லாமல் இருந்தால் உங்களால் 90ஐத் தொட முடியாது. ஆகவே கணக்கெடுக்கும் தேதிக்கு முன் சின்னச் சின்னப் பாக்கிகளைக் கட்டி முடியுங்கள். வாடகை, சாஃப்ட்வேர் சந்தா, ஆடிட்டர் கட்டணம் எல்லாம் பட்டியலில் வரும். பட்டியல் குறுகினால் சம்மதக் கடிதமும் குறையும். வங்கியிடம் மட்டும் முதல் மாதமே பேசத் தொடங்குங்கள்.

டெலவேர் பக்கத்தில் அந்த ஊர்ச் சட்டப்படி இயக்குநர் குழு, பங்குதாரர் ஒப்புதல் தனியே நடக்க வேண்டும். ஒப்புக்கொள்ளாத பங்குதாரருக்கு நீதிமன்றம் வழியாக நியாய விலை கேட்கும் உரிமை அங்கே உண்டு. அதனால் பெரும்பான்மை கிடைத்தது போதும் என்று நிற்காமல், முடிந்தவரை எல்லாரிடமும் கையெழுத்து வாங்குங்கள்.

கூட்டம் முடிந்ததும் சிஏஏ-11இல் திட்டத்தை மண்டல இயக்குநர், பதிவாளர், கலைப்பாளர் மூவரிடமும் தாக்கல் செய்ய வேண்டும். முன்பு 7 நாள், 2025 திருத்தத்துக்குப் பின் 15 நாள். கலைப்பாளர் பிரதி தனி அலுவலகத்துக்குப் போக வேண்டும், மறந்துவிடாதீர்கள். ஒப்புகை முத்திரை இல்லாத பிரதி கோப்பில் இருந்தால் நாள் கணக்கு எங்கிருந்து தொடங்கியது என்றே நிரூபிக்க முடியாது.

ஆட்சேபம் எதுவும் இல்லையென்றால், 30 நாள் முடிந்து 15 நாளுக்குள் சிஏஏ-12இல் ஒப்புதல் ஆணை வரும். திட்டம் கிடைத்து 60 நாள்வரை மண்டல இயக்குநர் ஆணையும் தராமல், தீர்ப்பாயத்துக்கும் அனுப்பாமல் இருந்தால் ஒப்புதல் கிடைத்ததாகவே சட்டம் கருதும். ஆனால் அதை நம்பித் திட்டமிடாதீர்கள். கேள்விக் கடிதம் வந்தால் இரண்டு மூன்று நாளில் ஆவணத்தோடு பதில் போகட்டும். பதில் தாமதமானால், பொதுநலனுக்கு ஏற்றதல்ல என்று தீர்ப்பாயத்துக்கு அனுப்ப நீங்களே வழிவிட்டதாக ஆகும்.

11. ஆணை வந்த பின்: எது முன், எது பின்

ஆணையை ஐஎன்சி-28 படிவத்தில் பதிவாளரிடம் 30 நாளுக்குள் போட வேண்டும். இந்தியச் சட்டப்படி அதோடு இணைப்பு நடைமுறைக்கு வருகிறது. ஆனால் டெலவேரின் பதிவேட்டிலிருந்து ஒரு கம்பெனியை நீக்க இந்திய ஆணையால் முடியாது. அங்கே இணைப்புச் சான்றைத் தனியே தாக்கல் செய்ய வேண்டும். அதற்கு முன் டெலவேர் ஃபிராஞ்சைஸ் வரி (அங்கே பதிவு வைத்திருப்பதற்கான ஆண்டு வரி) பாக்கி இல்லாமல் இருக்க வேண்டும்.

இங்கே அவசரப்பட்டு டெலவேரில் முதலில் தாக்கல் செய்துவிடுபவர்கள் உண்டு. அங்கே கம்பெனி மறைந்துவிட்டது, இங்கே சொத்தை ஏற்றுக்கொள்ளும் ஆணை இன்னும் பதிவாகவில்லை. இடைப்பட்ட நாளில் வரும் பணம் யாருடையது? இரண்டு தாக்கலும் ஒரே நாளில் நடைமுறைக்கு வரும்படி இரு தரப்பு வழக்கறிஞர்களும் முன்கூட்டியே பேசித் தேதி குறிக்க வேண்டும். முடியாவிட்டால் இந்தியப் பதிவு முதலில், டெலவேர் அடுத்து.

12. பங்கு ஒதுக்கீடும் கடைசிப் படிவங்களும்

பங்குகளை ஒதுக்கியதும் பிஏஎஸ்-3 என்ற ஒதுக்கீட்டுப் படிவம், வெளிநாட்டுப் பங்குதாரர்களுக்கு 30 நாளுக்குள் எஃப்சி-ஜிபிஆர். பங்கு வெளியீட்டுக்கான முத்திரைத் தீர்வை 0.005 சதவீதம். நிறுவனர்களின் டெலவேர் பங்கு இப்போது இல்லை என்பதால், அவர்களின் வெளிநாட்டு முதலீட்டுக் கணக்கையும் எஃப்சி படிவத்தில் முடித்துவைக்க வேண்டும். இதை மறந்தால் அவர்கள் பெயரிலுள்ள அடையாள எண் திறந்தே கிடக்கும், ஆண்டுதோறும் அறிக்கை கேட்டுக்கொண்டே இருக்கும்.

டெலவேர் கம்பெனியின் அமெரிக்க வங்கிக் கணக்கை உடனே மூடாதீர்கள். பழைய வாடிக்கையாளர் பழைய கணக்குக்கே பணம் அனுப்புவார். அமெரிக்க வரித் துறையிடமிருந்து திரும்ப வரவேண்டியதும் அங்கேதான் வரும். இணைப்புக்கான பணிகளுக்காக வெளிநாட்டில் கணக்கு வைத்துக்கொள்ள ஒழுங்குமுறை இடம் தருகிறது, ஆனால் ஒப்புதல் கிடைத்த நாளிலிருந்து அதிகபட்சம் இரண்டு ஆண்டுதான். ஆணை கிடைத்த அன்றே அந்தக் கடைசித் தேதியைக் குறித்துவைத்து, அதற்கு மூன்று மாதம் முன்னால் மீதியை இந்தியாவுக்கு அனுப்பும் வேலையைத் தொடங்குங்கள். கணக்கு மூடியதற்கான வங்கிக் கடிதத்தை இணைப்புக் கோப்பிலேயே வையுங்கள். அடுத்த முதலீட்டுச் சுற்றில் வரும் வழக்கறிஞர் அந்தக் கடிதத்தை நிச்சயம் கேட்பார்.